கராஜ் கதவைத் திறந்துவிடுங்கள்

சுகர்லேண்டிலும் கேட்டியிலும் பேர்லேண்டிலும் சொந்த வீடு வைத்திருக்கும் ஹூஸ்டன் தமிழர்களுக்கு,

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நன்கொடை அல்ல. நன்கொடை கேட்டால் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கொடுத்தீர்கள், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்குக் கொடுத்தீர்கள், 2017இல் ஹார்வி வெள்ளம் வந்தபோது முகம் தெரியாதவர்களுக்கும் கொடுத்தீர்கள். நான் கேட்பது காசோலை எழுதித் தீர்த்துவிட முடியாத விஷயம். உங்கள் வீட்டு கராஜ் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பகல் பொழுது. நம் ஊரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் பழைய கார்களின் முன் ஆக்சிலை மாற்றிக்கொள்வதற்காக.

சிரிப்பு வரலாம். ஆக்சில் மாற்ற ஒரு திறந்த மடலா என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வாரக் கடைசியில் ஹில்கிராஃப்டுக்குப் போகிறீர்கள். 2010இல் நகர நிர்வாகம் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் சூட்டிய அந்தப் பகுதியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி, ஒரு தோசையும் காபியும் முடித்துவிட்டு, பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்கிறீர்கள். அடுத்த முறை அங்கே ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கிக் கேட்டுப்பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும் பழைய கொரோல்லாக்களிலும் சிவிக்குகளிலும் ஏதாவது ஒன்றின் முன் சக்கரம் டக், டக், டக் என்று சொல்லிக்கொண்டே போகும். ஓட்டுபவர் பெரும்பாலும் இருபத்துச் சொச்சம் வயதுக்காரராக இருப்பார். பின் இருக்கையில் மூன்று பேர், மடியில் அரிசி மூட்டை. பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்திருப்பார்கள், இந்தச் சத்தம் கேட்காமல் இருக்க.

அது சி.வி. ஜாயின்ட் தேய்ந்துபோனதன் சத்தம். முன் சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சக்கரம் எந்தக் கோணத்தில் நின்றாலும் கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி வெட்டாமல் குலுங்காமல் அதற்குப் போய்ச் சேர வேண்டும். 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா இதற்காக, ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும் ஒரு ஜாயின்டை, அதாவது ஒரு மூட்டு இணைப்பை, வடிவமைத்தார். பிரிட்டனில் 1959இல் வந்த மினி கார் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. உங்கள் அப்பா ஓட்டிய அம்பாசடரும் பத்மினியும் பின் சக்கரத்தால் ஓடியவை; அவற்றில் இந்த வம்பு கிடையாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து பெருகிய பிறகுதான் “டிரைவ் ஷாஃப்ட் போயிடுச்சு சார்” என்ற வசனம் நம் ஊர் மெக்கானிக் கடைகளில் சகஜமானது.

அந்த ஜாயின்டை மூடி, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ். வயதாகி ரப்பர் வெடித்தால், சக்கரம் சுழலச் சுழல கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்துக்கு மண்ணும் தண்ணீரும் போகும். ஹூஸ்டன் தெருக்கள் ஒரு மணி நேர மழைக்கே குளமாகிவிடுவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூட் கிழிந்த உடனே கண்ணில் பட்டால் ஒரு புது உறையும் கொஞ்சம் கிரீஸும் போதும். யார் கண்ணில் படும்? சக்கரத்தின் உட்புறம் குனிந்து பார்த்தால்தானே தெரியும்? சத்தம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த ஜாயின்ட் பொருந்தியிருக்கும் ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான். அப்படியும் ஓட்டினால் ஒரு நாள் மூட்டு உடைந்து, ஐ-69இன் நடு லேனில் என்ஜின் உறும, வண்டி மட்டும் நகராமல் நிற்கும்.

இதையெல்லாம் யாராவது சோதிப்பார்களே என்று நினைத்தால், அதுவும் போயிற்று. 2025 ஜனவரி 1 முதல் டெக்ஸஸில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் நடந்த பாதுகாப்புச் சோதனை கிடையாது. அதற்கான ஏழரை டாலர் மட்டும் வேறு பெயரில் தொடர்கிறது! ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், பிரசோரியா கவுண்டிகளில் புகைச் சோதனை உண்டு; புகையைப் பார்ப்பவர் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. பழைய சோதனையிலும் பூட்டைப் பார்ப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது விஷயம் தெரிந்த ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். இப்போது அந்த ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்கிறேன்.

“கடையில் கொடுத்து மாற்றட்டுமே” என்பீர்கள். மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உழைப்புக்கு விலை உண்டு, இடத்துக்கு வாடகை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். கொரோல்லாவுக்கு ஒரு புதிய மாற்று ஆக்சில் பாகக் கடையில் நூறு டாலர் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. கூலியும் சேர்ந்தால் பல நூறாகிவிடும். உங்களுக்கு அது ஒரு குடும்ப விருந்தின் பில். எஃப்-1 விசாவில் வந்து, வளாகத்துக்குள் மட்டும் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்யும் மாணவிக்கு அது ஒரு மாதப் பங்கு வாடகை. வேலை போன எச்-1பி இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலை தேட அவருக்கு அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில் நேர்காணலுக்குப் போக ஓடுகிற கார் வேண்டும். இந்த ஊரில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன் என்பதை நீங்களே உங்கள் முதல் வருடத்தில் சொல்லியிருப்பீர்கள்.

ஆகவே அவர்கள் தாங்களே மாற்றுகிறார்கள். யூடியூபில் பார்த்துக்கொண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், இருட்டிய பிறகு. ஏன் இருட்டிய பிறகு? வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங்கில் வண்டி பழுது பார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கும். பகலில் செய்தால் மேலாளர் வருவார், எச்சரிக்கைத் தாள் ஒட்டுவார், பாதி பிரித்த காரை இழுத்துக்கொண்டு போகவும் ஆள் அனுப்புவார். எனவே செல்போன் வெளிச்சத்தில் அவசரமாகச் செய்கிறார்கள். ஜாக் என்று அவர்களிடம் இருப்பது டிக்கியில் கார் கம்பெனி வைத்துக்கொடுத்த கத்திரி ஜாக். அது டயர் மாற்றக் கொடுத்தது, அடியில் கையையும் தலையையும் விட்டு வேலை செய்யக் கொடுத்ததல்ல. தரையோ தார். ஹூஸ்டன் வெயிலில் பகலெல்லாம் வெந்த தார் இரவிலும் இளகித்தான் இருக்கும். ஜாக்கின் சிறிய பாதம் மெல்ல அமுங்கும், காரும் மெல்லச் சாயும். இப்படி ஒரு காரின் அடியில் ஒரு பையனின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அவனை வெளியே வரச் சொன்னேன். “அஞ்சே நிமிஷம் அங்கிள்” என்று பதில் வந்தது.

அந்த நேரத்தில் உங்கள் கராஜ் என்ன செய்துகொண்டிருந்தது? இரண்டு கார் நிற்கும் இடம். சமதளமான கான்கிரீட். மேலே டியூப் லைட். சுவரில் மின் இணைப்பு. உள்ளே ஒரு மடித்து வைத்த டிரெட்மில், கொலுப் படிகள், காஸ்ட்கோவில் வாங்கிய தண்ணீர் பாட்டில் கட்டுகள், மூத்த பிள்ளை விட்டுப்போன சைக்கிள். கார்கள் வெளியே டிரைவ்வேயில் நிற்கின்றன. மன்னியுங்கள், குத்திக்காட்டுகிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இனி அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் ஏன் உங்கள் இடத்தையும் உங்களையும் சேர்த்துக் கேட்கிறேன் என்பது புரியும்.

முதலில் நோய் எது என்று அறிய வேண்டும். திரும்பும்போது டக் டக் என்றால் சக்கரத்தின் பக்கமுள்ள வெளி ஜாயின்ட். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டி நடுங்கினால் கியர் பாக்ஸ் பக்கமுள்ள உள் ஜாயின்டாக இருக்கலாம். வேகம் கூடக்கூட ‘ம்ம்ம்’ என்று முனகினால் அது வீல் பேரிங். ஆக்சிலை மாற்றிப் பயனில்லை. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் தட்டினால் பால் ஜாயின்டையோ ஸ்ட்ரட்டையோ பார்க்க வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். யூடியூபில் ஒருவர் ஆக்சில் என்றால் இவர்களும் ஆக்சில் வாங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று, “முதல்ல குனிஞ்சு பூட்டைப் பாரு, கிரீஸ் தெறிச்சிருக்கா?” என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் நூறு டாலரும் ஒரு நாளும் மிச்சம்.

பிறகு நட்டு. ஆக்சிலின் முனையில், சக்கரத்தின் நடுவில், பெரிய நட்டு ஒன்று. பல டொயோட்டாக்களில் 30 மி.மீ., அண்மைக்கால சிவிக்குகளில் 32. சிலவற்றில் காட்டர் பின் போட்டிருக்கும். சிலவற்றில் நட்டின் விளிம்பைத் தட்டி உள்ளே மடித்திருப்பார்கள், அதை நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். எளிதில் கழலவும் செய்யாது. கார் தரையில் நிற்கும்போதே, நீளமான பிரேக்கர் பாரைப் போட்டு, உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்க, வெளியே இன்னொருவர் தன் எடை முழுவதையும் கொடுத்துத் தளர்த்த வேண்டும். இது இரண்டு பேர் வேலை. நட்டு தளர்ந்த பின் காரை உருட்டக் கூடாது. சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.

அதன் பின்தான் காரைத் தூக்குவது. கை பிரேக், பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஃப்ளோர் ஜாக், ஜாக் ஸ்டாண்ட். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. தூக்கிய ஜாக்கையே தாங்கவும் விடுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். ஸ்டாண்டின் மேல் கார் உட்கார்ந்ததும், அடியில் போகும் முன், கையால் பலமாக ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும். விழுவதானால் யாரும் அடியில் இல்லாதபோதே விழட்டும். இதற்குத்தான் கான்கிரீட் தரை வேண்டும் என்கிறேன். அதிலும் ஒரு எச்சரிக்கை: ஹூஸ்டன் களிமண் வருடம் முழுக்க வீங்கிச் சுருங்கி டிரைவ்வேக்களைச் சாய்த்து வைத்திருக்கிறது. கராஜுக்குள் இருக்கும் தளம் மேல், வெளியே இருக்கும் சரிவு ஆகாது.

சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மிலிருந்து பால் ஜாயின்டைப் பிரிக்க வேண்டும். டொயோட்டாவில் பெரும்பாலும் ஒரு போல்ட், இரண்டு நட்டு. ஏபிஎஸ் ஒயரும் பிரேக் குழாயும் இழுபடாமல் பார்த்துக்கொண்டு முழுத் தொகுதியையும் வெளியே சாய்த்தால், ஆக்சிலின் வெளி முனை விடுபடும். உள் முனை கியர் பாக்ஸுக்குள் ஒரு சிறு சர்க்ளிப்பால் மாட்டியிருக்கும். கம்பியைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் கழன்று உருளையும் கிரீஸுமாகக் கையில் வரும், ஆக்சில் மட்டும் வராது. நெம்புகோலைச் சரியான இடத்தில் வைத்து ஒரே நெம்பு. கொஞ்சம் கியர் ஆயில் கொட்டும். கீழே தட்டு வைக்க வேண்டும். கேம்ரியின் வலது பக்கம் வேறு மாதிரி: நீளமான ஆக்சிலை நடுவில் ஒரு பேரிங் தாங்கும், அதன் பிடிப்பை விடுவிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். ஒரு ஆறுதல் உண்டு. நியூ ஜெர்ஸித் தமிழர்களின் கார்களைப் பனிக்கால உப்பு தின்று போல்ட்டெல்லாம் துருவேறி வெல்டு வைத்தது போலாகியிருக்கும். நமக்கு அந்தச் சாபம் இல்லை.

புதியதைப் போடும் முன் பழையதன் பக்கத்தில் கிடத்தி அளந்து பார்க்க வேண்டும். நீளம், பல் எண்ணிக்கை, ஏபிஎஸ் வளையம். இடதும் வலதும் வேறு, நாலு சிலிண்டரும் ஆறு சிலிண்டரும் வேறு. கடைக்காரர் தவறான பெட்டியைக் கொடுப்பது அபூர்வமல்ல. அதை வண்டி பிரிந்து கிடக்கும்போது கண்டுபிடித்தால், மாற்றிவர இன்னொரு கார் வேண்டும். உங்கள் டிரைவ்வேயில் நிற்கும் கார். சர்க்ளிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க, ஆயில் சீலின் உதட்டைக் கிழிக்காமல் நேராக உள்ளே தள்ள வேண்டும். ‘டக்’ என்று உட்கார்ந்த உணர்வு கைக்குத் தெரியும். சீல் கிழிந்தால் கியர் ஆயில் சொட்டிச் சொட்டி, ஆக்சிலைக் காப்பாற்றப் போய் கியர் பாக்ஸை இழக்க நேரிடும்.

கடைசியில் மீண்டும் அந்தப் பெரிய நட்டு. புதிய நட்டு, டார்க் ரெஞ்ச். 2003 முதல் 2008 வரையிலான கொரோல்லாவுக்கு 159 அடி-பவுண்டு, 2007 முதல் 2011 வரையிலான கேம்ரிக்கு 217. கை பலத்தில் குத்துமதிப்பாக முறுக்கும் விஷயமல்ல. குறைந்தால் பேரிங் ஆட்டம் கண்டு அழியும். டார்க் ரெஞ்ச் ஒரு மாணவனிடம் இருக்காது. வாங்கச் சொல்லவும் நியாயமில்லை, வருடத்தில் எத்தனை முறை தேவைப்படும்? ஆட்டோஸோன், ஓ’ரைலி போன்ற பாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் கருவிகளை இரவல் தருவார்கள், திருப்பிக் கொடுத்ததும் முழுப் பணமும் திரும்பும். கருவி கிடைக்கிறது. இடமும் துணைக்கு ஆளும்தான் கிடைப்பதில்லை.

இவ்வளவு சொன்னதும் சிலர் மனதில் ஓடுவதை நான் அறிவேன். “நாம் படித்துவிட்டு இங்கே வந்தது இதற்கா?” இந்தக் கேள்வியைத்தான் நான் உண்மையில் எதிர்கொள்ள விரும்புகிறேன். கையில் கிரீஸ் படும் வேலை நமக்கல்ல, வேறு யாருக்கோ உரியது என்ற நினைப்பை நாம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். அந்த வேறு யாரோ யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அதைச் சத்தமாகச் சொல்லாமல் பழகிக்கொண்டோம். ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அந்த ஸ்பேனர் மறுநாள் முதல் அடுத்த ஆயுத பூஜை வரை வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. இந்த ஊரில் எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்தைக் கணிக்கும் பொறியாளர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரு நட்டுக்கு எத்தனை அடி-பவுண்டு என்று கேட்டால் கூகுளில் தேடுவோம்.

நாம் காய்கறி வாங்கும் பகுதிக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்த மனிதர், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தன்னைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தன் கையால் தைத்த ஒரு ஜோடி செருப்பை 1914இல் பரிசளித்தார். 1939இல், காந்தியின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி, ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார், அதில் கால் வைக்கும் தகுதி தனக்கு இல்லை என்று. ஹெர்மன் பார்க்கில் அவர் சிலைக்கு மாலை போடுகிற நாம், அவர் தைத்த செருப்பைக் கதையாக மட்டும் வைத்துக்கொண்டோம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தோடு ஒட்டாத ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய அவருடைய முதல் பஸ் அந்தக் கையிலிருந்து வந்ததுதான். பிரித்துப் பார்க்காமல் அவர் எதையும் நம்பவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரோபோ வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். ஓடுகிற இயந்திரம் வாசலில் நிற்கிறது, அதன் மூடியைத் திறந்து காட்டியதில்லை.

இதில் உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் இலாபம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மாட்டேன். பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கும் பெண்ணும் பையனும் உங்கள் வீட்டில் உண்டு. வெப்பமானி ஏறினால் நிறுத்த வேண்டும், டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியுமா? அந்தச் சனிக்கிழமை அவர்களும் நிற்கட்டும், கை அழுக்காகட்டும். பெண் பிள்ளைகளை மட்டும் “நீ போய் எல்லாருக்கும் காபி கலந்து கொண்டா” என்று அனுப்பிவிடாதீர்கள். வந்து சேரும் மாணவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்கள் காரும் டக் டக் என்றுதான் சத்தம் போடுகிறது.

உங்கள் தயக்கங்களுக்கு வருகிறேன், அவை நியாயமானவை. வீட்டு உரிமையாளர் சங்கம் என்ன சொல்லும்? ஹூஸ்டன் நகரில் நில வகைப்பாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. வீடு வாங்கும்போது படிக்காமல் கையெழுத்திட்டீர்களே, அதுதான். எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவை தடை செய்வது தெருவிலிருந்து தெரியும்படி டிரைவ்வேயில் வண்டி பிரிப்பதையும், காசு வாங்கிக்கொண்டு தொழிலாகச் செய்வதையும். கராஜுக்குள், காசு வாங்காமல், ஒரே நாளில் முடியும் வேலையை உங்கள் விதிகள் அனுமதிக்கின்றனவா என்று பாருங்கள். அனுமதிக்கவில்லை என்றால் உங்களை வற்புறுத்தவில்லை. அடுத்த தெருத் தமிழரின் விதி வேறாக இருக்கும். விதியை மாற்றவும் வழி உண்டு, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாம் போவதே இல்லை என்பது தனிக் கதை. காப்பீடு? உங்கள் வீட்டுக் காப்பீட்டு முகவரை ஒரு முறை அழைத்து, விருந்தாளி அடிபட்டால் என்ன பாதுகாப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் இந்தக் கேள்வியை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்.

“எனக்கே ஒன்றும் தெரியாதே” என்பது அடுத்த தயக்கம். நீங்கள் மெக்கானிக்காக வேண்டாம். ஸ்டாண்ட் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது ஜோடிக் கண் போதும், பிரேக்கை மிதிக்கும் கால் போதும். தெரிந்தவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் படித்துவிட்டுப் பணிமனையில் பல வருடம் கழித்து இங்கே வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் வீட்டில் அடைந்து கிடக்கும் அப்பாக்கள். அந்த அப்பாக்களைப் பற்றி நீங்கள் யோசித்ததுண்டா? டிவிஎஸ்ஸிலோ அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையிலோ வாழ்நாளைக் கழித்த மனிதர் சுகர்லேண்டில் காலையில் நடைப்பயிற்சி, மாலையில் சீரியல் என்று பொழுதைத் தள்ளுகிறார். அவரிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, எதிரே நாலு பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்கள்.

எல்லா வேலையும் கராஜில் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். துருப்பிடித்து அசையாத வண்டி, கியர் பாக்ஸே உடைந்தது, ஏர் பேக், பெட்ரோல் குழாய், ஹைபிரிட் காரின் உயர் அழுத்த மின்சாரம் இவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பாதியில் ஏதாவது முறிந்தால், இழுவை வண்டியைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆயுத பூஜை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை தொடங்குவோம். அப்போது வெயிலும் தணிந்திருக்கும், கராஜில் நிற்க முடியும். சுகர்லேண்டில் ஒரு வீடு, கேட்டியில் ஒன்று, பேர்லேண்டில் ஒன்று, ஊருக்கு நடுவே பெல்லேர் பக்கம் ஒன்று. நாலு கதவு திறந்தால் போதும், ஏப்ரல் வரை முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் ஒரு கார்தான், அதற்கு மேல் வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் அடியில் போகக் கூடாது, தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது, இருட்டிய பின் கதவை இறக்கிவிட வேண்டும். பாகத்தின் விலையை வண்டிக்காரர் கொடுப்பார். கூலி என்று ஒரு டாலரும் கைமாறக் கூடாது.

பாரதி கலை மன்றத்தையும் ஊரின் மற்றத் தமிழ் அமைப்புகளையும் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து பேச்சாளரை அழைத்துவரும் செலவில் சிறு பங்கு போதும்: இரண்டு ஃப்ளோர் ஜாக், நாலு ஜோடி ஸ்டாண்ட், ஒரு நல்ல டார்க் ரெஞ்ச், 30, 32, 36 மி.மீ. சாக்கெட்டுகள், ஒரு பிரேக்கர் பார். இவற்றை வாங்கி, பொங்கல் விழாப் பாத்திரங்களை வைத்திருப்பதுபோல் பொதுச் சொத்தாக வைத்திருங்கள். மாணவர் சங்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், பார்க்கிங்கில் கத்திரி ஜாக்கை எடுக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள் என்று.

வீட்டுக்காரர்களே, டிரெட்மில்லை ஓரமாக நகர்த்துங்கள். கராஜ் இருக்கும் ஊர்ப் பக்கத்தையும் உங்களுக்குத் தோதான சனிக்கிழமையையும் இந்த வாரத்துக்குள் உங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் எழுதிவிடுங்கள். காருடன் பிள்ளைகளை அனுப்பிவைப்பது என் பொறுப்பு.